வெங்காயம் நிறைய, மோர் மறக்காதே

சான் ரமோன்
ஆகஸ்ட் 17, 2025

அன்புள்ள அஞ்சு,

வாட்ஸப்பில் என்னை ப்ளாக் செய்துவிட்டாய். ஃபோன் செய்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. பரவாயில்லை. தபால்காரரை யாராலும் ப்ளாக் செய்ய முடியாது என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது. உன் ஜெர்சி சிட்டி விலாசத்தை உன் மகள் விஷாகாவிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே. நவராத்திரிக்கு ஏதோ அனுப்பப் போவதாகப் பொய் சொல்லித்தான் வாங்கினேன்.

கோபம் அந்த யூட்யூப் பேட்டியைப் பற்றி. தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நீ கதாநாயகி. திரையில் உன் வாய் அசையும், பேசுவது நான். கோடம்பாக்கத்து இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று உன் படம் எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தது நான். அதைத்தான் அந்தப் பையன் கேமராவோடு வந்து கேட்டான், சொன்னேன். மாடிப்படி சீனில் நீ டயலாக்கை மறந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணியதையும் சொன்னேன். இல்லாததையா சொன்னேன்? அதற்கு ஒரு வருஷ மௌனமா?

சரி, அதை விடு. இங்கே ஒரு நடிகரைப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஆபீஸ் வளாகத்துக்குப் பின்னால் குளம் இருக்கிறது. காலையில் அதைச் சுற்றித்தான் நடப்பேன். எதிர்க்கரையில் ஒரு பெரியவர் வாத்துகளைப் பார்த்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது. புலம்புகிறவர் மூச்சு எடுக்கும் இடம் வேறு, வசனம் பேசுகிறவர் மூச்சு எடுக்கும் இடம் வேறு என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். சுற்றிக்கொண்டு போய், "யூ ஆர் ஆக்டர்?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "மேடம், இந்த ஊரில் அது வாத்துகளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்" என்றார்.

பெயர் ஃபர்ஹாங். ஈரானியர். எண்பது தாண்டிவிட்டது. ரஷ்த் என்ற ஊரில் ரொட்டி சுடுகிறவர் மகன். பதினேழு வயதில் டெஹ்ரானுக்கு ஓடிப்போய் நாடகக் கொட்டகையில் திரை இழுக்கும் வேலையில் சேர்ந்தாராம். ஒருநாள் சேவகன் வேஷக்காரனுக்குக் காய்ச்சல், இவரைத் தள்ளிவிட்டார்கள். அன்று மேடையேறியவர் இறங்கவே இல்லை. பிறகு சினிமா, புகழ், கடைக்காரர்கள் காசு வாங்க மறுக்கிற அளவுக்குப் புகழ். புரட்சி வந்தது, நடிக்கக்கூடாது என்றார்கள். துருக்கி வழியாக இங்கே வந்து ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டினார். அமெரிக்க டிவி சீரியல்களிலும் நடித்திருக்கிறார், எல்லாவற்றிலும் தாடி ஒட்டிக்கொண்டு குண்டு வைக்கிறவராக. "ஏழு தடவை செத்திருக்கிறேன், ஒரு தடவைகூட வசனம் சொல்லிவிட்டுச் சாகவிடவில்லை" என்கிறார்.

நவம்பரில் பக்கத்து ஊர் லிவர்மோரில் அவருக்கு ஒரு மேடை நிகழ்ச்சி. தன் வாழ்க்கையைத் தானே நடித்துக் காட்டப்போகிறார். அதற்கு நான் உதவி செய்கிறேன். எப்படி என்று தெரிய வேண்டுமானால் பதில் போடு.

உன்
ஜலஜா


ஜெர்சி சிட்டி
ஆகஸ்ட் 27, 2025

திருமதி ஜலஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படிக்கவில்லை. அந்த ஈரானிய நடிகரைப் பற்றி எழுதியிருந்ததையும் படிக்கவில்லை.

மேடையில் எத்தனை வருஷம் இருந்தார்? அதை மட்டும் எழுதவும். நீங்கள் அவருக்கு என்ன உதவி செய்துவிட முடியும் என்பதையும் எழுதலாம், கட்டாயமில்லை.

இப்படிக்கு,
அஞ்சனா


சான் ரமோன்
செப்டம்பர் 7, 2025

அன்புள்ள அஞ்சு,

நீ படிக்காத கடிதத்துக்குப் பதில் வந்ததில் ரொம்ப சந்தோஷம்.

மேடையில் பதினாறு வருஷம். கேள், இதுதான் விஷயம். அவர்கள் ஊர் சினிமாவிலும் அந்தக் காலத்தில் நடிகர் குரலை எடுக்க மாட்டார்களாம். முகம் ஒருவர், குரல் இன்னொருவர். நம்ம கதைதான். இவர் குரல் மன்சூர் என்று ஒருவர். டெஹ்ரானில் இன்னும் இருக்கிறார். ஊரே கொண்டாடியது ஃபர்ஹாங் முகத்தை, மன்சூர் குரலை. இவர் சொந்தக் குரல் நாடகம் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய பெரிய சீன் ஒன்று. சிறையிலிருந்து வந்தவன் ராத்திரி தன் வீட்டு வாசலில் நிற்கிறான். கதவைத் தட்டவில்லை. "கதவைத் திறக்காதே அம்மா. திறந்தால் நான் உள்ளே வந்துவிடுவேன்" என்கிறான். இந்த ஒரு வசனத்துக்கு அந்த ஜனங்கள் இன்றைக்கும் உருகுகிறார்கள். விருந்தில் இன்னொரு கரண்டி சோறு போட வந்தால்கூட, "திறக்காதே அம்மா" என்று தட்டை மூடிக்கொள்கிறார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன்.

நிகழ்ச்சியில் அந்த சீனைச் சத்தமில்லாமல் திரையில் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று தன் குரலில் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரே ஒரு தடவை, சாவதற்கு முன்னால். அதற்குத்தான் நான். உதட்டுக்குக் குரல் பொருத்த இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்?

அவர் மனைவி பர்வீன் அம்மாள் டீ வைத்துக்கொண்டே காதைப் பொத்திக்கொள்கிறார். "அது மன்சூருடைய வசனம். படம் பார்த்து அந்தக் குரலில் மயங்கித்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று இவர் வாயைத் திறந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது" என்கிறார். ஐம்பது வருஷமாக இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் போலிருக்கிறது. இவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

ஆனால் பொருந்தவில்லை அஞ்சு. எத்தனை தடவை சொன்னாலும் சொந்த உதட்டுக்கே அவரால் பேச முடியவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. பாரசீகம் ஒரு வார்த்தை தெரியாது எனக்கு. ஆனால் ப-வும் ம-வும் வந்தால் உலகத்தில் எந்த வாயும் மூடித்தான் ஆக வேண்டும். சத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வசனத்தில் வெறும் விம்மல் வருகிற இடத்திலும் வாய் மூடுகிறது. அந்த வாய் அந்த வசனத்தைச் சொல்லவே இல்லை!

"ஃபர்ஹாங் சார், உண்மையைச் சொல்லுங்கள், அங்கே என்ன பேசினீர்கள்?" என்று கேட்டேன். மனிதர் காது வரை சிவந்துவிட்டார். வசனப் பேப்பர் வந்து சேரவில்லையாம். டைரக்டர் எதையாவது பேசு, மன்சூர் பார்த்துக்கொள்வார் என்றாராம். பகல் முழுக்கப் பட்டினி. கேமரா ஓடியதும் கபாப் கடைக்குச் சொல்லியனுப்ப வேண்டியதை அப்படியே சொல்லியிருக்கிறார். "எனக்கு இரண்டு கபாப். வெங்காயம் நிறைய வை. மோர் மறக்காதே." அந்த உதட்டுக்கு, விம்மலும் பெருமூச்சும் வைத்து இழுத்து, அந்த வசனத்தை உண்டாக்கியவர் மன்சூர்!

பர்வீன் அம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தார். நானும்தான். ஃபர்ஹாங் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லையாம்.

வீட்டில் வேறு கலாட்டா. ஷ்ரேயஸ் கேட்கிறான், "அம்மா, டெய்லி யாரோ ஒரு அங்கிள் வீட்டுக்குப் போய் கபாப் கபாப்னு கத்தறியாமே? நெய்பர் கேட்டாங்க. நீ வெஜிடேரியன்தானே இன்னும்?" மருமகள் தீக்ஷா, "அத்தை, லஞ்ச் பேக் பண்ணித் தரட்டுமா?" என்கிறாள், ரொம்ப அக்கறையாக.

ஜலஜா


ஜெர்சி சிட்டி
செப்டம்பர் 19, 2025

ஜலஜாவுக்கு,

சிரிப்பு வந்தது என்பதை மறுக்கவில்லை. அதனால் கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

உன் பேட்டி வந்த பிறகு இங்கே என்ன நடந்தது தெரியுமா? தமிழ்ச் சங்கத்துப் பிக்னிக்கில் மாரிசாமி என்று ஒருவர், பேங்கில் ஐடி வேலை, என்னைப் பார்த்ததும், "மேடம், எங்களுக்காக ஒரு தடவை ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்களேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் மனைவி வள்ளி மட்டும் அவர் கையைக் கிள்ளினாள். என் பேரன் சுஹாஸ் கமெண்டுகளை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டினான். "சோ பாட்டி, யூ ஒன்லி டிட் தி ஃபேஸ்?" என்று கேட்டான். குழந்தை, ஒன்றும் தெரியாமல் கேட்டான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ சொன்னதில் ஒன்று தப்பு. நான் டயலாக்கை மறக்கவில்லை. இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் குரல் உனக்குத் தெரியும். கட்டைக் குரல். அந்தப் படத்தில் முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் செட்டில் யாரோ சிரித்தார்கள். டைரக்டர் பக்கத்தில் வந்து, "அம்மா, சத்தம் போடாதீங்க, மத்தவங்களுக்கு மூட் போயிடுது. சும்மா வாயை அசைங்க, அது போதும். குரலுக்கு நம்ம ஜலஜா இருக்காங்க" என்றார். மாடிப்படி சீனில் அந்த வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. அப்பா என்று சொன்னால் என் குரல் தானாக வெளியே வந்துவிடும். அதனால்தான் எண்ணினேன். எண்களுக்குக் குரல் தேவைப்படவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட. ஃபர்ஹாங் பேப்பர் வராததால் மோர் கேட்டார். நான் பேப்பர் இருந்தும் எண்ணினேன்.

அஞ்சனா


சான் ரமோன்
அக்டோபர் 2, 2025

அஞ்சு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளத்தை இரண்டு சுற்று அதிகமாக நடந்தேன். எனக்கு இது தெரியாதடி. டப்பிங் அறைக்குப் படத்துண்டு மட்டும்தான் வரும். யார் சிரித்தார்கள், யார் காதில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் வராது. நான் உன் உதட்டை மட்டும்தான் பார்த்தேன்.

அந்த உதட்டோடு நான் பட்ட பாட்டை மட்டும் கேட்டுக்கொள். வசனகர்த்தா எழுதியது பொருந்தவே இல்லை. மூணில் உன் வாய் மூடும். அதற்குப் பிறகு எட்டு வரைக்கும் உதடு மூடுகிற எண்ணே நம் பாஷையில் கிடையாது. ஒம்போதில்தான் மறுபடி மூடும். அதற்கு ஏற்றாற்போல் நானே கட்டினேன். "என்னால முடியலை. இத்தனை நாளா உங்க கையத்தான் தேடினேன், அப்பா." உன்னுடைய மூணில் என் முடியலை. உன்னுடைய ஒம்போதில் என் அப்பா. அதைத்தான் பெருமையாகப் பேட்டியில் சொன்னேன். உன்னைக் குத்தவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் குத்திவிட்டது, அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது இங்கே பெரிய சிக்கல். ஃபர்ஹாங் நிகழ்ச்சியை ரத்து செய்யப் போகிறேன் என்கிறார். "அந்த வசனம் என்னுடையதில்லை. அதைச் சொன்னால் திருட்டு. சொல்லாவிட்டால் நான் யார்? கபாப் கேட்டவன்" என்கிறார். குளத்துக்கும் வருவதில்லை. பர்வீன் அம்மாள்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது. ஈரானிய அம்மாக்கள் சேக்ரமெண்டோவிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள்.

என்ன சொல்லி அவரை மேடையேற்றுவது? நான் குரல்காரி. முகத்துக்காரர்கள் மனசு உனக்குத்தான் தெரியும். நவம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமை. நீ வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. வராவிட்டாலும் யோசனையாவது சொல்.

ஜலஜா


ஜெர்சி சிட்டி
அக்டோபர் 11, 2025

ஜலஜா,

வர முடியாது. விஷாகாவுக்கு ஆபீசில் வேலை நெருக்கடி, சுஹாஸைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதோடு எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது.

யோசனை கேட்டாய். சொல்கிறேன். அவர் மன்சூர் வசனத்தைச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு என்ன சொன்னாரோ அதையே சொல்லட்டும். கபாப், வெங்காயம், மோர், அப்படியே. அது அவருடைய வசனம், அதை யாரிடமிருந்தும் திருடவில்லை. உதட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும், உனக்கும் வேலை மிச்சம்.

ஜனங்கள் சிரிப்பார்கள் என்று பயப்படுவார். சிரிக்கட்டும். முதலில் சிரிப்பார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத்தானே மன்சூருக்கு அந்த வசனம் தோன்றியது? வெறும் பசியோடு நின்ற முகத்தில் மன்சூர் ஒரு மகனைப் பார்த்தாரே, அது எங்கிருந்து வந்தது? இதை அவரிடம் கேள். நான் எண்ணியதற்கே தியேட்டரில் அழுதார்கள். இவர் வெங்காயத்துக்கு அழ மாட்டார்களா?

வேஷ்டி மாதிரித் தொளதொளவென்று கோட் எதுவும் போட வேண்டாம் என்று சொல். மேடையில் தோள் தெரிய வேண்டும்.

அஞ்சனா


சான் ரமோன்
நவம்பர் 9, 2025

அடியே அஞ்சு,

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை அவருக்கு வரி வரியாக இங்கிலீஷில் சொன்னேன். "இந்த அம்மாள் யார்?" என்றார். "நான் குரல் கொடுத்த முகம்" என்றேன். அவர் எழுந்து நின்று கிழக்கே பார்த்து, ஜெர்சி இருக்கிற திசைக்கு ஒரு வணக்கம் போட்டார். மறுநாள் குளத்துக்கு வந்துவிட்டார், தோள் தெரிகிற கோட்டோடு.

நேற்று அரங்கம் நிரம்பி வழிந்தது. திரை இழுத்தது, ரொட்டிக்கடை அப்பா, ஏழு தடவை செத்தது எல்லாவற்றையும் நடித்தார். ஜனங்கள் வயிறு குலுங்கினார்கள். ஷ்ரேயஸும் தீக்ஷாவும் ஒரு வார்த்தை புரியாமல் சிரித்தார்கள். பிறகு விளக்கு அணைந்து அந்த சீன் வந்தது, சத்தமில்லாமல். இருபத்தெட்டு வயது ஃபர்ஹாங் வாசலில் நிற்கிறார். அரங்கத்தில் ஒவ்வொரு வாயும் "கதவைத் திறக்காதே" என்று முணுமுணுக்கத் தயாராகிவிட்டது. எண்பத்தொரு வயது ஃபர்ஹாங் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தார்.

"எனக்கு இரண்டு கபாப். வெங்காயம் நிறைய வை."

நீ சொன்னபடியே சிரித்தார்கள். கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. அவசரப்படவும் இல்லை. "மோர் மறக்காதே" என்று சொல்லும்போது திரையில் இருந்த வாயும் மேடையில் இருந்த வாயும் ஒரே வாயாக மூடியது. குரல் கரகரத்து, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. என் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கர்ச்சீப்பைத் தேடினார். நான் அழுதேன் அஞ்சு. மோருக்கு அழுதேன்!

அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து மைக்கிடம் வைத்தார். டெஹ்ரானில் விடிந்திருந்தது. மறுமுனையில் மன்சூர். "இவ்வளவு காலையில் யார் நடிக்கக் கூப்பிடுவது?" என்று கேட்டாராம், அரங்கமே எழுந்து நின்றுவிட்டது. சீனை மறுபடி போட்டார்கள். ஃபோனில் குரல் தாமதமாக வரும் இல்லையா, அதனால் மன்சூர் எப்போது தொடங்க வேண்டும் என்று நான்தான் முன்கூட்டியே கையைக் காட்டினேன். அதைப் பார்த்து ஃபர்ஹாங் ஃபோனில் தொடங்கு என்று சொல்ல, அந்தக் கிழட்டுக் குரல் அந்த வசனத்தைச் சொன்னது. கடைசி எழுத்து வரை பொருந்தியது. என் தொழிலில் அதைவிட நல்ல சிங்க் நான் கொடுத்ததில்லை.

பர்வீன் அம்மாள் என் காதில், "இப்போது எனக்கு இரண்டு புருஷன்" என்றார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் அந்த மாடிப்படி சீனில் ஜனங்களை அழவைத்தது என் குரல் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று மோருக்கு அழுத பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அது உன் முகமும்தான். எண்ணிக்கொண்டே அந்த முகத்தை வைத்திருந்தாயே, நான் பார்த்துதானே வசனம் கட்டினேன்.

நீ பக்கத்து நாற்காலியில் இல்லாதது மட்டும்தான் குறை. அதில் கைப்பையை வைத்திருந்தேன்.

உன்
ஜலஜா


ஜெர்சி சிட்டி
நவம்பர் 17, 2025

அடி ஜலஜா,

நிகழ்ச்சியை நான் பார்க்கவில்லை. சுஹாஸ் லேப்டாப்பில் நேரலை போட்டிருந்தான், நான் அந்தப் பக்கமாகப் போனேன், அவ்வளவுதான். அரக்குப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் எழுந்து நின்று கையை ஆட்டிக் கேமராவை மறைத்தது நீதானே? ஃபர்ஹாங்கின் இடது தோள் எனக்குத் தெரியவே இல்லை. மோரில் மட்டும் கொஞ்சம் வேகம் குறைத்திருக்கலாம் என்று அவரிடம் சொல். மற்றபடி நடிகர்.

சுஹாஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "பாட்டி, ஷோ மீ யுவர்ஸ்" என்றான். மாடிப்படி சீனை யூட்யூபில் தேடிப் போட்டு, சத்தத்தை அவனே அணைத்தான். நான் சோபாவில் உட்கார்ந்தபடி சொன்னேன். எண்ணிக்கை இல்லை. நீ கட்டிய வசனம். என் குரலில். கட்டைக் குரலில். நாற்பது வருஷம் கழித்து அப்பா என்ற வார்த்தை வெளியே வந்தது. விஷாகா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "யாரும்மா அது பேசினது?" என்று கேட்டாள். "நான்தான்டி" என்றேன். கரண்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பொருந்தவில்லை. நான்கு இடத்தில் முன்னாலே போய்விட்டேன். நீ இழுத்திருக்கிற அளவுக்கு எனக்கு மூச்சு இல்லை.

கேள். ஜனவரியில் இங்கே பொங்கல் விழா. மேடையில் ஏதாவது செய்யச் சொல்லி அந்த மாரிசாமியே வந்து கேட்டார், வள்ளி அனுப்பியிருப்பாள். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த சீன், சத்தமில்லாமல். பக்கத்தில் நின்று வசனத்தை நான் சொல்லப்போகிறேன். எண்ணச் சொல்லிக் கேட்டவர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்காரட்டும்.

ப்ளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே. உன் குரலைக் கேட்டால் என் வாய் இன்னமும் தானாக அசைகிறது. சுஹாஸ் சிரிக்கிறான்.

டிக்கெட் போட்டுக்கொண்டு வந்துவிடு. என் அறையில் இன்னொரு கட்டில் இருக்கிறது. திரைக்குப் பக்கத்தில், ஜனங்கள் கண்ணில் படாத இடத்தில் நீ நிற்க வேண்டும். நான் உன்னையே பார்த்துக்கொண்டு பேசுவேன். உனக்கு வசனம் எதுவும் கிடையாது.

சத்தம் வராமல், வாயை மட்டும் அசைத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே இரு. நீ ஒம்போது என்றதும் நான் அப்பா என்று சொல்ல வேண்டும்.

உன்
அஞ்சு